அடுப்பில் தெரிந்த முகம்

மூன்று டி.வி. பெட்டிகளையும் பழைய போர்வைகளால் சுற்றி, நடுவில் ஸ்லைடு புரொஜக்டரை இறுக்கி வைத்து, மீன்பாடி வண்டியில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான் கஜபதி. வண்டிக்காரர் துலுக்கானம் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, "ஆவடி வரிக்கும் மெதுவாத்தான் போவேன், ரோடு பூரா பள்ளம். பொட்டி ஒடஞ்சா என்னிய கேக்கக் கூடாது" என்றார். ஆவடி என்ற சொல் காதில் விழுந்ததும் அருள்செல்வி மகளின் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். பெனிட்டா நிமிர்ந்து பார்த்து, "வலிக்குதும்மா" என்றது.

தங்கள் குழுவின் நாடகத்தை ஆவடி குடியிருப்பு மன்றத்தில் போடலாம் என்று, குழுவை நடத்தும் குணசேகரன் சொன்ன நாளிலிருந்தே அவளுக்கு இப்படித்தான் இருந்தது. அதுவரை அவர்கள் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால், மூடிக்கிடந்த ஒரு லேத் பட்டறையின் கொட்டகையில்தான் நாடகம் போட்டார்கள். பார்க்க வருபவர்கள் நாற்பது பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள். ஆவடி அப்படியில்லை. அங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளின் குடியிருப்புகளில் தமிழ்நாட்டின் எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். திருச்சிப் பக்கத்திலிருந்தும் இருப்பார்கள். இதே போன்ற ஒரு குடியிருப்பிலிருந்துதான், பெனிட்டாவுக்குப் பேச்சு வராத வயதில், அவள் ஒரு பையோடு கிளம்பி வந்திருந்தாள்.

"இன்னாத்துக்கு இப்டி பேஸ்தடிச்சாப்ல கீற?" என்று பஞ்சவர்ணம் அவளருகில் வந்து நின்றாள். இருவரும் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் டிரான்ஸ்பார்மருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறவர்கள். அருள்செல்வியைக் குழுவுக்கு அழைத்து வந்தவள் அவள்தான். அருள்செல்வியின் கதை முழுவதும் தெரிந்த ஒரே ஆளும் அவள்தான். "திருச்சி எங்க கீது, ஆவடி எங்க கீது. உன் புருஷன் இன்னும் அங்கதான் மிஷின் ஓட்டிகினு கீறான்."

"தெரியும்க்கா. ஆனாலும் மனசு கேக்கல."

"மேக்கப்ப போட்டு லைட்ட போட்டா நீயா நானான்னு எனக்கே தெர்யாது. வா, ரயிலுக்கு நேரமாச்சு."

குழுவுக்கு எதிரொளி என்று பெயர். அக்கம்பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, டி.வி. டிராமாக்காரர்கள் என்பார்கள். குணசேகரன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பவர். நாளெல்லாம் ஆளில்லாத குரல்களைக் கேட்டுக்கொண்டிருந்ததாலோ என்னவோ, நடிகர்கள் வாய் திறந்து பேசுவது அவருக்குப் பிடிக்காது. "மேடையில நின்னு வாயால பேசினா எல்லாருமே கொஞ்சம் பொய் சொல்லிடறோம்" என்பார். அதனால் அவருடைய நாடகங்களில் குரல் டேப்ரெக்கார்டரிலிருந்து வரும். உடம்பு மேடையில் வேறு ஏதாவது வேலை செய்துகொண்டிருக்கும். நடிகர்களின் வெள்ளை உடைமேல் ஸ்லைடுகள் விழும்: ஒரு தெரு, ஒரு ரேஷன் கடை வரிசை, ஒரு கிணறு. கல்யாண வீடியோ எடுக்கும் கஜபதி அவர்களுடன் சேர்ந்த பிறகு, தோளில் வைக்கும் அவனுடைய வீடியோ கேமராவும் மேடைக்கு வந்தது. கேமராவிலிருந்து நீளமான ஒயர்கள் டி.வி. பெட்டிகளுக்குப் போகும். நடிக்கிறவளின் முகம் அதே நேரத்தில் பெட்டிகளில் பெரிதாகத் தெரியும்.

முதல்முறை தன் முகத்தை அப்படிப் பார்த்தபோது அருள்செல்விக்கு யாரோ மாதிரி இருந்தது. ஆனால் அந்த ஏற்பாடு அவளுக்குப் பிடித்துப்போனது. அவள் சிறு வயதிலிருந்தே அதிகம் பேசாதவள். கல்யாணத்துக்குப் பிறகு பேச்சு இன்னும் குறைந்து, கடைசியில் மளிகைக் கடையில் இன்ன சாமான் வேண்டும் என்று கேட்காமல் விரலால் காட்டத் தொடங்கினாள். மேடையில் அவள் பேச வேண்டியதே இல்லை. பேச வேண்டியதையெல்லாம் ஒரு பிற்பகலில், கொட்டகையின் கதவைச் சாத்திக்கொண்டு, பஞ்சவர்ணம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, டேப்ரெக்கார்டரிடம் சொல்லி முடித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு குரல் பெட்டிக்குள் இருந்தது. அவளுக்குப் பாரம் இல்லை.

அந்தப் பிற்பகலில் அவள் சொன்னது பக்கத்து வீட்டு அக்காவின் கதை. அக்கம்பக்கத்தில் நடந்த ஒன்றை ஆளுக்கு ஒன்றாகச் சொல்லுங்கள் என்று குணசேகரன் கேட்டிருந்தார். எல்லோரும் தண்ணீர்ச் சண்டை, சீட்டுக் கம்பெனி என்று சொன்னார்கள். அவள் முறை வந்தபோது, பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருந்தாங்க என்று ஆரம்பித்தாள். அந்த அக்காவின் புருஷன் அடிக்கிறவனில்லை. குரலை உயர்த்துகிறவனுமில்லை. ஒரு நாள் சாம்பாரில் உப்பு அதிகமாகிவிட்டது. தட்டை மெதுவாக நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துபோய் மண்ணெண்ணெய் டின்னை எடுத்துவந்து அவள் புடவைத் தலைப்பில் ஊற்றினான். பிறகு விளக்கை அணைத்தான். எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒரு தீக்குச்சியைக் கிழித்து, அந்த வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தான். குச்சி விரல்வரை எரிந்ததும் ஊதி அணைத்தான். அடுத்த குச்சியைக் கிழித்தான். பெட்டி காலியானதும், போய்ப் படு என்றான். மறுநாள் புதுப் பெட்டி வாங்கி வந்து அடுப்பு மேடையில் வைத்தான்.

அவள் சொல்லி முடித்ததும் குணசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதைத்தான் போடறோம்" என்றார் பிறகு.

நாடகம் அந்த ஒரு கதைதான். மேடையில் ஒரு சமையலறை. அருள்செல்வி காய் நறுக்குவாள், உலை வைப்பாள், கிண்டுவாள். அடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு வெள்ளை டி.வி. மல்லாந்து படுத்திருக்கும். அதன் கண்ணாடிக்குச் சற்று மேலே கம்பி வளையத்தில் பாத்திரம் நிற்கும். திரையின் நீல வெளிச்சம்தான் தீ. மற்ற இரண்டு டி.வி.களும் மேடையின் இரண்டு ஓரத்திலும் பார்ப்பவர்களை நோக்கி இருக்கும். தீக்குச்சிக் கட்டம் வரும்போது விளக்குகள் அணையும். கிழிக்கும் சத்தம் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்கும். நாடகத்தின் நடுவில் ஒரு முறை செய்ததுபோல் கஜபதி அப்போதும், கேமராவின் சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டு, அதை அவளிடமிருந்து எடுத்துப் பார்ப்பவர்கள் பக்கம் திருப்புவான். பார்த்துக்கொண்டிருக்கிறவர்களின் முகங்களே பெட்டிகளில் வரும். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவர்கள்தான் என்பது குணசேகரனின் கணக்கு. கொட்டகையில் போட்டபோது அந்த இடத்தில் எல்லோரும் தலை குனிந்துகொண்டார்கள்.

ஆவடி மன்றம் பெரிதாக இருந்தது. மேலே தகரக் கூரை, முன்னால் ஜமக்காளம், பின்னால் மடக்கு நாற்காலிகள். மன்றத்தின் செயலாளர் சண்முகசுந்தரம் வாசலில் நின்று எல்லோரையும் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம், குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அருள்செல்வி பக்கவாட்டுத் திரையின் விளிம்பை விரலால் விலக்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்களின் முகங்களை மட்டும் பார்த்தாள். பூனை மீசை வைத்த ஒருவன் வந்தபோது திரையை விட்டு ஓரடி பின்வாங்கினாள். அவன் வேறு யாரோ. கடைசி நாற்காலிவரை பார்த்தாள். அவள் விட்டு வந்த ஜெயபால் இல்லை.

பெனிட்டா பஞ்சவர்ணத்தின் அருகில், டேப்ரெக்கார்டர் மேசைக்குப் பக்கத்தில் உட்காருவதாகத்தான் பேச்சு. ஆனால் முன்னால் ஜமக்காளத்தில் நிறைய பிள்ளைகள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அது கேட்கவில்லை. "இங்கேந்து டி.வி. தெரியல அத்தை" என்றது. பஞ்சவர்ணம் திரும்பி அருள்செல்வியைப் பார்த்தாள். அருள்செல்வி இன்னொரு முறை அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

நாடகம் தொடங்கியதும் அவள் பயம் விட்டது. எப்போதும் அப்படித்தான். விளக்கின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது எதிரே இருட்டைத் தவிர ஒன்றுமிருக்காது. முட்டைக்கோசின் வாசனை, கத்தியின் கைப்பிடி, கஜபதியின் ரப்பர் செருப்புச் சத்தம். தன் குரல் கூரையிலிருந்து இறங்குவதைக் கேட்டபடி அவள் நறுக்கினாள். பக்கத்து வீட்டுல ஒரு அக்கா இருந்தாங்க. வெள்ளைப் புடவைமேல் ஸ்லைடில் ஒரு குடியிருப்பின் வரிசை வீடுகள் விழுந்தன. கூட்டம் சத்தமில்லாமல் இருந்தது.

முதல் தடவை கேமரா திரும்பியபோது அவள் குனிந்து அடுப்பில் பார்த்தாள். பாத்திரத்தைச் சுற்றி முகங்கள் நகர்ந்தன. முன் வரிசையில் பிள்ளைகள். நடுவில் பெனிட்டா வாயைத் திறந்துகொண்டு பார்த்தது. தன்னைத் திரையில் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பெண்ணை முழங்கையால் இடித்தது. அருள்செல்விக்குச் சிரிப்புகூட வந்தது. கேமரா மறுபடி அவளிடம் வந்தது. அவளுடைய முகம், நெற்றி வியர்வை, கண், எல்லாம் மூன்று பெட்டிகளிலும் பெரிதாக வந்து நின்றன. அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது.

விளக்குகள் அணைந்தன. முதல் தீக்குச்சி கிழிந்தது. கஜபதி இரண்டாவது தடவை திரும்பினான்.

அடுப்பில் பிள்ளைகள் வரிசை வந்தது. பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு பெரிய ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். யாரோ அப்பா, பிள்ளையைத் தேடி முன்னால் வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். அவர் பெனிட்டாவின் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பெனிட்டா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னது. பிறகு அவர் ஆட்காட்டி விரலை நாக்கில் தொட்டு இடது புருவத்தை ஒரு முறை நீவிவிட்டுக்கொண்டார்.

மீசை இல்லை. முன் நெற்றியில் முடியும் குறைந்திருந்தது. ஆனால் அந்த விரல் அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு குச்சியின் வெளிச்சத்திலும் அந்த விரல் அப்படித்தான் புருவத்துக்குப் போகும்.

அவள் கை கிண்டிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. இரண்டாவது குச்சி. அந்த அக்காவுக்குப் பயம்னா என்னன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, என்றது அவளுடைய குரல் மேலேயிருந்து. அடிச்சா அழுதுடலாம். அவரு அடிக்கல. பாத்தாரு. மூன்றாவது குச்சி. ஜெயபால் தலையைச் சற்றுத் தூக்கிக் குரல் வரும் ஸ்பீக்கரைப் பார்த்தான். பிறகு மேடையைப் பார்த்தான். அவள் இருட்டில் இருந்தாள், அவனுக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் அவன் சரியாக அவள் இருந்த இடத்தைப் பார்த்தான். பார்த்தபடியே கையை எடுத்துப் பெனிட்டாவின் தலைமேல் வைத்தான்.

கூப்பிட வேண்டும் என்று அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கூடத்தில் அவளுடைய குரல் பேசிக்கொண்டே இருந்தது, ஒரு தடங்கலும் இல்லாமல், நிதானமாக. அவளிடம் மட்டும் இல்லை. பாத்திரம் சரிந்து விழுந்தது. அவள் எழுந்து, இருட்டில் ஒயர்களை மிதித்துக்கொண்டு, மேடையின் பக்கப் படிகளில் இறங்கி ஜமக்காளத்துக்கு வந்தாள்.

மேடையில் என்ன நடந்தாலும் விடாமல் எடு என்று குணசேகரன் கஜபதிக்குச் சொல்லியிருந்தார். கஜபதி எடுத்தான். சின்ன விளக்கு எரிய, கேமராவோடு அவள் பின்னாலேயே வந்தான். பிள்ளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். இரண்டு ஓரத்து டி.வி.களிலும் அவள் வெள்ளைப் புடவையின் முதுகும், அதற்கு அப்பால் நிமிர்ந்து பார்க்கும் ஒரு ஆணின் முகமும் வந்தன.

"நல்லாருக்கியா அருளு" என்றான் ஜெயபால். கோயிலில் பக்கத்து ஆளிடம் பேசுகிற சத்தம்தான். "பாப்பா என்னைய மாதிரியே இருக்கா."

"கைய எடுங்க."

"எம் புள்ள தலையில நான் கை வைக்கக் கூடாதா?"

"எடுங்க. பெனி, எந்திரி. இங்க வா."

பெனிட்டா எழுந்தது. அவன் கை தலையிலிருந்து தோளுக்கு இறங்கி அங்கே நின்றது. அருள்செல்வி சுற்றிலும் பார்த்தாள். எத்தனையோ முகங்கள், எல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. சில பெண்கள் முந்தானையை வாயில் வைத்திருந்தார்கள். "இவரு..." என்றாள். எச்சில் விழுங்கிவிட்டு மறுபடி சொன்னாள். "இவரு என் வீட்டுக்காரரு. மண்ணெண்ண ஊத்துனது இவருதான். யாராச்சும் வாங்க. இது நாடகம் இல்ல."

யாரும் வரவில்லை. பின்னாலிருந்து ஒருவர், "பாத்தியா, எப்படிக் கொண்டு வந்துட்டாங்க" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. ஒரு குழந்தை அழுதது. அதன் தாய் அதை அடக்கினாள். அவர்கள் எல்லோரும் அடுத்து என்ன வரும் என்று காத்திருந்தார்கள்.

ஜெயபால் அவளைத் தாண்டி, கேமராவின் விளக்கைப் பார்த்தான். ஓரத்து டி.வி.யில் தன் முகம் தெரிவதைப் பார்த்தான். ஒரு நொடி அவன் உதடு இறுகியது. பிறகு பெனிட்டாவின் தோளிலிருந்து கையை எடுத்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து, கூட்டத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் குவித்துக் கும்பிட்டான். வெட்கப்பட்டவன்போல் சிரித்தான். அதைப் பார்த்ததும் கூடத்தில் சிரிப்பு எழுந்தது. யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவன் அவள் காதருகே குனிந்தான். "உங்களத் தேடி இனி ரொம்ப அலையவேண்டியதில்ல. நானும் இங்கதான் இருக்கேன், மாத்தலாகி வந்துட்டேன்" என்றான். பக்கத்து வாசல் வழியாக, வழிவிட்டவர்களுக்குத் தலையசைத்துக்கொண்டே வெளியே போனான்.

டேப்பை நிறுத்தியவள் பஞ்சவர்ணம். மேசையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து அருள்செல்வியைத் தோளோடு சேர்த்துப் பிடித்தாள். கூட்டம் அதையே முடிவு என்று எடுத்துக்கொண்டு எழுந்தது.

குணசேகரன் முகமெல்லாம் மலர மேடையிலிருந்து இறங்கி வந்தார். "இப்படி ஒண்ணு வரும்னு நான் நெனைக்கவே இல்லம்மா. அந்த ஆளு யாரு, நீங்களே பேசி வச்சீங்களா?"

"அது அவன், சார்" என்றாள் பஞ்சவர்ணம். "பக்கத்து ஊட்டு அக்காவும் இல்ல, ஒண்ணியும் இல்ல. எல்லாம் இவதான். அவன் இவ புருஷன். நெஜமாவே அவன்தான்."

கேமராவை இறக்கிய கஜபதி, தான் என்ன எடுத்தோம் என்று புரிந்ததும் முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். வெளியே சைக்கிள்களும் குடும்பங்களும்தான் இருந்தன. அதற்குள் சண்முகசுந்தரம் கையில் சோடா பாட்டிலோடு வந்தார்.

"பிரமாதம் சார். அதுலயும் எங்க ஜெயபாலையே புடிச்சு நடிக்க வச்சிட்டீங்களே. எங்க செக்‌ஷன்தான். போன வருஷம் திருச்சிலேந்து வந்தாரு. ஒருத்தர்கிட்ட அதிர்ந்து பேசமாட்டாரு, தங்கமான மனுஷன்." அவர் சோடாவை அருள்செல்வியிடம் நீட்டினார். "குடிம்மா. நல்லா நடிச்ச."

அவள் வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்கமாட்டார் என்று மூவருக்கும் தெரிந்தது.

அன்று திருமுல்லைவாயிலில் இருந்த தன் அறைக்கு அவள் போகவில்லை. தாயையும் மகளையும் பஞ்சவர்ணம் தன் வீட்டுக்கு, அம்பத்தூருக்குக் கூட்டிப்போனாள். ரயிலில் அருள்செல்வி ஒவ்வொரு நிலையத்திலும் ஏறுகிறவர்களைப் பார்த்தாள். பெனிட்டா ஜன்னலோரம் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"அந்த மாமா உன்கிட்ட என்ன கேட்டாரு?"

"டி.வி.ல வர்றது யாருன்னு கேட்டாரு. எங்கம்மான்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"என் பேரு கேட்டாரு. எந்த ஸ்கூலுன்னு கேட்டாரு."

"சொன்னியா?"

பெனிட்டா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தப்புச் செய்துவிட்டோமோ என்று யோசித்தது. "ஸ்கூல் பேரு மட்டும்தான் சொன்னேன். மிஸ் பேரு சொல்லல."

அருள்செல்வி மகளின் தலையைத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டாள். நான்கு வருடங்களில் கட்டி வைத்ததெல்லாம் ஒரு சொல்லில் போய்விட்டது என்று தோன்றியது. காயில் கம்பெனி, வாடகை அறை, ஞாயிறு பூசைக்கு நடந்துபோகும் தெரு. எல்லாவற்றுக்கும் வழி அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்கும். அவன் அங்கே வந்து நின்றால் போதும், அவர்கள் பின்னாலேயே நடந்து வந்துவிடலாம்.

மறுநாள் குணசேகரன் பஞ்சவர்ணத்தின் வீட்டுக்கு வந்தார். இரவெல்லாம் தூங்காதவர் போலிருந்தார். கஜபதி வாசல்படியிலேயே நின்றான். குணசேகரன் தரையைப் பார்த்தபடி, "நான்தான் உங்களை அங்க கூட்டிக்கிட்டுப் போனேன்" என்றார். அவர்மேல் அவளுக்குக் கோபமில்லை. கோபப்படுவதற்கு இடமில்லாமல் பயம் நிறைந்திருந்தது. "போலீஸ்ல சொல்லிடலாம்" என்றார்.

"இன்னான்னு சொல்லுவீங்க?" என்றாள் பஞ்சவர்ணம். "நாடகம் பாக்க வந்தான், கும்புட்டுட்டுப் போனான்னா? அத்தினி பேரு கை தட்னாங்களே சார்."

வேலூரில் தன் தங்கை இருக்கிறாள், அங்கே கொஞ்ச நாள் இருக்கலாம் என்றார் குணசேகரன். அருள்செல்வி அதை யோசித்தாள். இன்னொரு ஊர், இன்னொரு கம்பெனி வாசல், இன்னொரு பள்ளிக்கூடத்தில் அப்பா பெயரைக் கேட்கும்போது சொல்லும் பொய். பெனிட்டா உள்ளே பஞ்சவர்ணத்தின் மகளோடு ஏதோ விளையாடிச் சிரித்துக்கொண்டிருந்தது. "ஒரு தடவ ஓடி வந்துட்டேன் சார்" என்றாள். குரல் கரகரத்தது, ஆனாலும் நிற்காமல் வந்தது. "அப்ப இவ கைக்குழந்த. தூக்கிட்டு ஓடியாந்தேன். இப்ப இவளுக்கு ஏன் ஓடுறோம்னு சொல்லணும். நாளைக்கு டீச்சர்கிட்ட போய்ச் சொல்லிடறேன். என்னைத் தவிர யார் வந்து கேட்டாலும் அனுப்பாதீங்கன்னு. அதுக்கு மேல எனக்கு என்ன செய்றதுன்னு தெரியல."

திங்கட்கிழமை காலை அவள் வேலைக்கு லீவு போட்டாள். மணி அடிப்பதற்கு முன், காலி வகுப்பறையில், பெனிட்டாவின் நாகவல்லி டீச்சர் முதலில் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அருள்செல்வி பக்கத்து வீட்டு அக்கா என்று சொல்லவில்லை. நான் என்றே சொன்னாள். சொல்லும்போது கை மேசைவிளிம்பைப் பிடித்திருந்தது. முடித்ததும் டீச்சர் வெளியே நின்ற பெனிட்டாவை உள்ளே அழைத்துத் தன் மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். "நீங்க போங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவள் போகவில்லை. கேட்டுக்கு வெளியே, மதில்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். எதிரே பெரிய ரோடு. ஆவடியிலிருந்து வரும் பஸ்கள் பள்ளிக்கு நேரெதிரே நிற்கும். ஒவ்வொன்று நிற்கும்போதும் இறங்குகிறவர்களின் கால்களைப் பார்த்துவிட்டு முகங்களுக்குப் போனாள். வெயில் ஏறியது. உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் கேட்டது. அதில் பெனிட்டாவின் குரலைப் பிரித்தெடுக்கப் பார்த்தாள், முடியவில்லை.

எதிர்ப்புற டீக்கடையில் பஞ்சவர்ணம் நின்றிருந்ததை அவள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தாள். கம்பெனிக்குப் போகாமல் வந்துவிட்டிருந்தாள். கையில் டீ கிளாஸ், கண் பஸ் வரும் பக்கம். பிறகு பஸ் நிறுத்தத்தில் பேப்பரை விரித்துக்கொண்டிருந்த ஆளைப் பார்த்தாள், அது குணசேகரன். ரயிலடிக்குத் திரும்பும் முனையில், பஞ்சர் கடையின் முன்னால், கஜபதி குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு டியூபைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். யாரும் அவளிடம் வருவதாகச் சொல்லவில்லை. ஒருவரும் அவள் பக்கம் திரும்பவுமில்லை. அவளுக்கு அழுகை வந்தது. பயம் குறையவில்லை. ஆனால் சுவரிலிருந்து முதுகைக் கொஞ்சம் எடுத்து நிற்க முடிந்தது.

பள்ளியில் இடைவேளை மணி அடிக்கிற நேரத்தில் ஆவடி பஸ் ஒன்று வந்து நின்றது. நிறைய பேர் இறங்கினார்கள். பஸ் நகர்ந்ததும் புழுதி எழுந்து மறைத்தது. புழுதிக்குள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, கையிலிருந்த துண்டுக் காகிதத்தைப் பார்த்துவிட்டு டீக்கடைக்காரரிடம் ஏதோ கேட்டான். டீக்கடைக்காரர் கையை நீட்டிப் பள்ளிக்கூடத்தைக் காட்டினார். உள்ளே பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு மைதானத்துக்கு ஓடி வந்தார்கள்.

பஞ்சவர்ணம் கிளாஸைக் கீழே வைத்தாள். குணசேகரன் பேப்பரை மடித்தார். கஜபதி டியூபை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றான். அவர்கள் அவன் முகத்தை ஒரே ஒரு முறை, டி.வி. வெளிச்சத்தில்தான் பார்த்திருந்தார்கள். மூன்று பேரும் ஒரே சமயத்தில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் திரும்பி, அவனா என்று கேட்கும் கண்களோடு அவள் முகத்தையே பார்த்தார்கள். அந்த ஆள் இன்னும் திரும்பவில்லை. அவள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவன் திரும்புவதற்காக, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.